பிரேக் தேய்ந்ததா, இறுகியதா? கடலோரத்துக் காரை அறிகுறி வழியே பார்த்தல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் வரை ஏ4 வீதியில் கார் ஓட்டுகிறவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காத்தான்குடிக் கடைத்தெருவில் ஓட்டோக்களுக்கு நடுவே ஊர்வதையும், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் மாடு குறுக்கே வந்தால் மிதிப்பதையும் விட்டால் பிரேக்குக்கு இங்கே பெரிய வேலை கிடையாது. ஆகவே டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வி நிறுத்தும் உராய்வுக் கட்டையான பேட் மெல்லத்தான் தேய்கிறது. ஆனால் கிழக்கே கடலும் மேற்கே உப்புக் கலந்த வாவியுமாக இரண்டு தண்ணீருக்கு நடுவே நிற்கிற கார் வேறொரு வழியில் கெடுகிறது. பேட் அசைய வேண்டிய இடத்தில் கறள் (துரு) ஏறி, அது அசையாமல் இறுகிக்கொள்கிறது. இறுகிய பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். அதுவும் பெரும்பாலும் வெளியிலிருந்து கண்ணுக்குப் படாத உள்பக்கத்திலேயே தேயும். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் நான் சில்லுக் கழற்றிப் பார்த்த கார்களில் அதிகமானவற்றுக்கு நோய் இதுதான். புதுப் பேட் போட்டுச் சில மாதங்களுக்குள் பழைய சத்தம் திரும்பி வருவதற்கும் இதுவே காரணம்.

இதை யாரும் நமக்காகப் பார்த்துச் சொல்லப் போவதில்லை. வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துக்காகத் தனியார் கார் புகைப் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே புகையைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், நம் வளவுகளில் நிற்கும் கார்களுள் பல வயதேறியவை. அவற்றின் பிரேக்கில் உள்ள ரப்பர் உறைகள் வெடித்திருக்கும். அந்த வெடிப்பின் வழியேதான் உப்புக் காற்று உள்ளே போகிறது.

கீழே சொல்லப்படுபவை முன் சில்லில் டிஸ்க்கும் (சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டு; இதைத்தான் பேட் கவ்வும்) பின் சில்லில் ட்ரம்மும் (சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்; இதை உள்ளிருந்து லைனர்கள் அழுத்தும்) உள்ள சாதாரணக் கார்களுக்கு உரியவை. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக் அழுத்தத்தை மின்பம்பியும் உண்டாக்குகிறது. சாரதியின் கதவைத் திறந்தாலே அது வேலைசெய்யத் தொடங்கிவிடக்கூடும் என்பதால், பேட்டை அழுத்தும் கலிப்பர் கழன்றிருக்கும் வேளையில் அதனுள் உள்ள பிஸ்டன் வெளியே தள்ளப்படும் ஆபத்து உண்டு. அவற்றையும், பொத்தானை அழுத்திப் போடும் மின் கைப்பிரேக் உள்ள கார்களையும் அந்த வகையில் பழகிய கையிடம் விட்டுவிடுவதே நல்லது.

காலையில் மட்டும் கேட்கும் உரசல்

மாரி காலத்தில், வாடைக்காற்று அடிக்கும் நாட்களில், இரவு முழுவதும் வெளியே நின்ற காரைக் காலையில் எடுத்தவுடன் கறகறவென்று ஒரு சத்தம் வரும். டிஸ்க்கின் மேல் ஒரே இரவில் படிந்த செம்மஞ்சள் கறள் அது. வளவுப் படலையைத் தாண்டி இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்தவுடன் துடைபட்டுப் போய்விடும். இதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின்னும் சத்தம் நீடித்தால் மட்டும் அடுத்ததைப் பாருங்கள்.

மிதிக்கும்போது கீச்சிடல்

பல கார்களின் உள்பக்கப் பேட்டில் சிறிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். உராய்வுப் பகுதி ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். பேட்டை மாற்று என்று அது சொல்லும் மொழி அது. புதுப் பேட்டில் இந்தப் பகுதி 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். பல தயாரிப்பாளர்கள் 1 மில்லிமீற்றர் வரை அனுமதித்தாலும் நான் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவேன், ஏனெனில் கடைசி மில்லிமீற்றர்கள் சூட்டில் விரைவாகக் கரைகின்றன.

ஆனால் எல்லாக் கீச்சும் தேய்வல்ல. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கிறவல் வீதியில் ஓடிவந்த காரின் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஒரு மணற்பரல் மாட்டினாலும் இதே சத்தம் வரும். பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேட் மாற்றியிருந்தாலும் வரும். சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் சில்லைக் கழற்றிக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம்

இங்கே பேச ஒன்றுமில்லை. உராய்வுப் பகுதி முடிந்து, பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டாதீர்கள். பேட்டோடு போகவிருந்த செலவு இப்போது டிஸ்க்குக்கும் ஏறிவிட்டது.

ஒரு பக்கம் இழுத்தலும், ஒரு சில்லு மட்டும் சூடாதலும்

கடலோரத்துக் காருக்கு இதுவே தலைமையான அறிகுறி. சத்தமில்லாமல் வருவதால் கவனிக்காமல் விடப்படுவதும் இதுவே. முதலில் நான்கு டயர்களின் காற்றையும் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் காற்றுக் குறைந்த டயரும் இழுக்கும். அதன் பிறகு இழுப்பு எப்போது வருகிறது என்பதைப் பிரித்து அறிய வேண்டும். மிதிக்கும்போது மட்டும் கார் இடப்பக்கம் போனால், குறை பெரும்பாலும் வலப்பக்கத்துப் பிரேக்கில் இருக்கிறது. இடது பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை, அதனால் கார் பிடிக்கிற பக்கம் திரும்புகிறது. மிதிக்காமல் ஓடும்போதே இடப்பக்கம் இழுத்தால், குறை இடப்பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சில்லின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பக்கத்துக் கலிப்பரைக் கழற்றியவர்கள் பலர். முதன்முறை நானும் அதைத்தான் செய்தேன்.

விடாமல் பிடிக்கும் சில்லைக் கண்டுபிடிக்க, கல்லடிப் பாலத்திலிருந்து ஆரையம்பதி வரை பிரேக்கை இயன்றவரை குறைவாக மிதித்து ஓடிவந்து, காரை நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், அனல் தானாகவே தெரியும். மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் அனல் வீசினால், கருகிய மணமும் சேர்ந்து வந்தால், ஆள் அகப்பட்டுவிட்டான். அந்தச் சில்லின் அலோயில் மற்றவற்றைவிடக் கூடுதலான கருந்தூள் அப்பியிருப்பதும் துணைச் சாட்சி.

பிறகு அந்தச் சில்லை ஜக்கில் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். மெல்லிய உரசலோடு சுற்றினால் சரி. இறுகி நின்றால், கலிப்பரின் காற்றுப்போக்கி நிப்பிளை ஒரு கணம் தளர்த்திப் பாருங்கள். பிரேக் ஒயில் பீறிட்டு வந்து சில்லும் விடுபட்டால், அழுத்தம் குழாயில் அடைபட்டிருக்கிறது என்று பொருள். ரப்பர்க் குழாய் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம், பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் வைத்திருக்கலாம். நிப்பிளைத் தளர்த்தியும் சில்லு விடவில்லையென்றால் இறுக்கம் இரும்பில் இருக்கிறது. அதாவது பிஸ்டனிலோ, கலிப்பர் சறுக்கும் ஸ்லைட் பின்னிலோ, பேட்டின் முனையில் நீட்டிய காது உட்காரும் இடத்திலோ இருக்கிறது.

இங்கே பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் கார்களில் பெரும்பாலும் உள்ளது ஒற்றைப் பிஸ்டன் கலிப்பர். பிஸ்டன் உள்பக்கப் பேட்டைத் தள்ள, அதன் எதிர்விசையால் கலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைட் பின்களின் மேல் நகர்ந்து வந்து வெளிப்பக்கப் பேட்டை அழுத்துகிறது. ஸ்லைட் பின் இறுகிவிட்டால் கலிப்பர் நகராது; எல்லா வேலையும் உள்பக்கப் பேட்டின் தலையில் விழும். எனவே உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைட் பின்னையோ பின்வாங்காத பிஸ்டனையோ சந்தேகியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், நகர்ந்து வந்த கலிப்பர் திரும்பிப் போகவில்லை. ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் ஆப்புப் போலத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது.

ஒரு முறை குடும்பத்தோடு கண்டிக்குப் போய்த் திரும்பினேன். புறப்படுவதற்கு முன் ஒரு கராஜில் காட்டியபோது, சில்லைக் கழற்றாமல் அலோயின் இடைவெளியால் டோர்ச் அடித்துப் பார்த்து, ‘இன்னும் நல்லா ஓடும்’ என்றார்கள். உடுதும்பரவைத் தாண்டி ஹசலக்கவுக்கு இறங்கும் 18 வளைவில், ஏழாவதோ எட்டாவதோ வளைவில் முன் இடச் சில்லு அரைபடத் தொடங்கியது. முதல் கியருக்கு மாற்றி ஊர்ந்து கீழே வந்து கழற்றிப் பார்த்தால், வெளிப்பக்கப் பேட்டில் ஒரு விரல்நுனி அளவு மிச்சம் இருந்தது. உள்பக்கத்தில் வெறும் இரும்பு. டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது அந்த வெளிப்பக்கம்தான். அன்றிலிருந்து, சில்லைக் கழற்றாமல் யார் சொல்லும் பிரேக் செய்தியையும் நான் ஏற்பதில்லை.

பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்தல்

வேகத்தில் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்க்குகளையும், ஸ்டியரிங் அமைதியாக இருக்க இருக்கையும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின் ட்ரம்களையும் பாருங்கள். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் பல வேளைகளில் டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியிருக்கும். அல்லது டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் ஏறிய கறள் அதைச் சற்றே சாய்த்து வைத்திருக்கும். பொதுவாக அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 மில்லிமீற்றர் மட்டுமே, ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. கறட்செதில் ஒன்று இடையில் அகப்பட்டால் போதும், அந்த அளவு தாண்டிவிடும். ஆகவே லேத் கடைக்கு டிஸ்க்கைக் கொண்டு ஓடுவதற்கு முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அந்த எண்ணுக்குக் கீழே போகுமானால் கடையாமல் புதிது வாங்குவதே முறை. கடினமாக மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று உதைப்பது, சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வதாகும். மணல் படிந்த வீதியில் அது இயல்பு.

பெடலின் உணர்வு

மென்மையாக, பஞ்சை மிதிப்பது போல் இருந்து, இரண்டு முறை அடித்து மிதித்தவுடன் மேலே வந்தால் குழாயில் காற்று இருக்கிறது. அல்லது பின் லைனர்கள் தேய்ந்து ட்ரம்மை விட்டு விலகியிருக்கின்றன. சந்தி விளக்கில் நிற்கும்போது ஒரே அழுத்தத்தில் வைத்திருந்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒயில் கசியவில்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்வளையம் போய்விட்டது. அது வீட்டில் பார்க்கும் வேலையல்ல. பெடல் கல்லாக இறுகிக் கிடந்தால், கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரைச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதித்துப் பெடலை இறுக வைத்து, மிதித்தபடியே எஞ்சினைத் தொடக்க வேண்டும். கால் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் நலம்.

மலையிறக்கத்தில் வரும் மென்மை தனிக் கதை. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை; 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 ஆகக் குறைகிறது. டொட் 4 வகைக்கு இதே எண்கள் 230, 155. மட்டக்களப்பின் தட்டை நிலத்தில் அந்தச் சூடு ஒருநாளும் வராது என்பதால் எத்தனை வருடப் பழைய ஒயிலும் இங்கே நல்லதாகவே தோன்றும். 18 வளைவில் அது கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கும்; பெடல் தரையைத் தொடும். பெடல் கடினமாகவே இருந்து கார் மட்டும் நிற்க மறுத்தால் அது ஒயில் அல்ல, சூடேறிய பேட் பிடியிழந்த நிலை. இரண்டுக்கும் அந்த நேரத்து மருந்து ஒன்றுதான்: கியரைக் குறைத்து, இடம் கண்ட இடத்தில் நிறுத்தி, ஆற விடுதல். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். திறந்து பாதி மிஞ்சிய போத்தலை அடுத்த முறைக்கென்று அலுமாரிக்குள் வைப்பது நம் ஊர் ஈரத்தில் வீண் சிக்கனம்.

கைப்பிரேக் உயர்தலும் சிவப்பு விளக்கும்

கைப்பிரேக் ஐந்து முதல் எட்டுச் சொடுக்குக்குள் பிடிக்க வேண்டும் என்பது பல கார்களுக்குப் பொருந்தும் அளவு. அதற்கு மேல் போனால் பின் லைனரைப் பாருங்கள். கேபிளை இறுக்கி மறைக்காதீர்கள். வெள்ளத்தில் ஓடிய கார் என்றால் ட்ரம்மைக் கட்டாயம் திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே புகுந்த வண்டல் வெளியே போக வழியில்லை. மாரியில் நாட்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். இழுத்த நிலையில் லைனர் ட்ரம்மோடு கறளால் ஒட்டிக்கொள்ளும். பெயரிலேயே மட்டத்தை வைத்திருக்கும் ஊரில் கார் உருண்டு எங்கே போகப் போகிறது?

சிவப்பு விளக்கு எரிந்தால் கைப்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனட்டைத் திறவுங்கள். ஒயில் மட்டம் இறங்கியிருந்தால் பலர் உடனே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் மட்டம் தானாகவே சற்று இறங்கும். அது தேய்வைக் காட்டும் அளவுகோல். நிரப்பினால் அளவுகோலை அழித்ததாகும். பின்னர் புதுப் பேட் போடும்போது ஒயில் வழிந்து பெயின்ற்றையும் தின்னும். மட்டம் திடீரென்று இறங்கியிருந்தால் மட்டும் கசிவைத் தேடுங்கள். பின் டயரின் உள்சுவர் நனைந்திருந்தால் அது ட்ரம்முக்குள் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கசிவு.

வளவில் வேலை தொடங்குமுன்

முன் பேட் மாற்றுவது பொறுமையுள்ள எவருக்கும் அரைநாள் வேலை. கலிப்பர் பிஸ்டனின் ரப்பர் கிழிந்திருந்தால், கசிவு இருந்தால், ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், வேலையைத் தொடங்காமல் தொழில் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

நம் வளவுகளில் மணல். ஜக்கை மணலில் நிறுத்தினால் சாய்ந்தபடியே புதையும்; கீழே இரண்டங்குலத் தடிப்புள்ள அகலப் பலகை போட வேண்டும். அதைவிட முக்கியமானது, மதில் கட்ட வாங்கி மிஞ்சிய சீமெந்துக் கல்லைக் காருக்கு முட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விடுவது. உள்ளே பொந்துள்ள அந்தக் கல் சுவரில் பாரம் தாங்கும். காரின் ஒரு புள்ளிப் பாரத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் பொடிந்துபோகும். இரும்புத் தாங்கி இரண்டு வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். கழற்றிய சில்லைக் காரின் அடிச்சட்டத்தின் கீழே கிடத்தி வைப்பது மேலதிகப் பாதுகாப்பு. முன்பக்கம் தூக்கும்போது பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை, கைப்பிரேக், கியர் மூன்றும் வேண்டும்.

பேட் வாங்கப் போகும்போது மொடல் பெயரை மட்டும் சொல்லாமல் சசி இலக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே மொடலுக்கு இரண்டு வகைக் கலிப்பர் வந்ததுண்டு. பேட்டின் விளிம்பில் இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது மிகுந்த சூட்டிலும் அதன் பிடியைக் குறிக்கின்றன. ஈ (E) என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை. கண்டி, பதுளைப் பக்கம் ஏறியிறங்குகிறவர் இரண்டிலும் எஃப்புக்குக் குறையாததை வாங்கட்டும். எதை வாங்கினாலும் ஒரு அச்சின் இரு பக்கங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கழற்றுதல்

சில்லு நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்தியபின் தூக்குங்கள். டொயோட்டாவுக்கு 21, சுசூகிக்கு 19 மில்லிமீற்றர் சொக்கற் வேண்டியிருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முறித்துவைத்தால் கலிப்பர் வெளியே பார்க்கும். தூளை ஊதாதீர்கள், கொம்பிரஷர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கலிப்பரின் பின்புறம் இரண்டு போல்ட்டுகள், பெரும்பாலும் 14 மில்லிமீற்றர். கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றிக் கலிப்பரை மேலே மடக்கினாலே பேட் வந்துவிடும், கராஜ்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் இரண்டையும் கழற்றச் சொல்வேன், ஏனென்றால் மேல் ஸ்லைட் பின்னையும் பார்க்காமல் மூடினால் வேலையின் பாதியை விட்டதாகும். கழன்ற கலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய பேட் இரண்டையும் உள், வெளி என்று சோக்கால் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். அவை உங்கள் சாட்சிகள்.

கறளை எடுத்தல்

இதுதான் முழு வேலையின் உயிர். பேட்டின் இரு காதுகளும் உட்காரும் இடத்தில் பளபளக்கும் மெல்லிய கிளிப் தகடுகள் இருக்கும். அவை கறள் ஏறாதவை, பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். பார்த்து ஏமாறாமல் நெம்பிக் கழற்றிப் பாருங்கள். அடியில் உள்ள வார்ப்பிரும்பில் கறுஞ்சிவப்புச் செதில்கள், காய்ந்த சேற்றைப் போல் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். ஒரு நகத்தின் தடிப்புத்தான். ஆனால் அந்தத் தடிப்பு கிளிப்பை உயர்த்தி, கிளிப் பேட்டின் காதைக் கவ்வி, கையால் தள்ளினால் சறுக்க வேண்டிய பேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் நகராமல் செய்துவிடுகிறது. கம்பித் தூரிகையாலும் தட்டை அரத்தாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை அதை எடுங்கள், இரும்பையே அராவிவிடாதீர்கள். கிளிப்பை மீண்டும் இட்டுப் புதுப் பேட்டை வைத்து விரலால் தள்ளுங்கள். விரலுக்கு அசைந்தால் போதும். அசையவில்லையென்றால் இன்னும் கறள் இருக்கிறது. பேட்டின் காதை அராவி வழிபண்ண நினைக்காதீர்கள்.

அடுத்து ஸ்லைட் பின்கள். உருவியெடுத்து, பழைய கிறீஸை முழுதாகத் துடைத்து, குழிவிழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குழி இருந்தால் பின்னையும் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்பதை மாற்றிவிடக் கூடாது. பூசுவதற்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிறீஸ்தான் வேண்டும். சாதாரணக் கிறீஸும் எஞ்சின் ஒயிலும் ரப்பரை ஊதவைத்து, ஆறு மாதத்தில் பழைய இறுக்கத்தைவிடப் பெரிய இறுக்கத்தைத் தரும். அதையும் மெல்லியதாகவே பூசுங்கள். பின் நுழையும் துளையை நிரப்பினால் காற்று அடைபட்டு ஸ்லைட் பின்னை வெளியே தள்ளும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ விட்டு ரப்பர்களைக் கழுவுவதும் இதே தவறு. பிரேக் கிளீனர் இல்லையென்றால் மெதிலேற்றட் ஸ்பிரிட் போதும்.

பூட்டுதல்

பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து, மட்டம் மேலே இருந்தால் சிறிது உறிஞ்சி எடுங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டனின் மேல் வைத்து, ஜீ கிளாம்பால் மெதுவாகத் திருகித் தள்ளுங்கள். சீராக உள்ளே போனால் பிஸ்டன் நலம். கால்திருகுக்கு ஒருமுறை சிக்கி நின்று, நெம்பினால்தான் போகும் என்றால் கறள் பிஸ்டனிலும் ஏறிவிட்டது. அதை வற்புறுத்தித் தள்ளிப் பூட்டினால் இந்த வாரம் செய்த வேலையை அடுத்த மாதம் மீண்டும் செய்வீர்கள். பின் சில்லிலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பிஸ்டனைத் தள்ள முடியாது, திருகியே உள்ளே அனுப்ப வேண்டும்.

பேட்டின் உராய்வு முகத்தில் விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. கீச்சு நாக்குள்ள பேட்டைப் பழையது இருந்த பக்கத்திலேயே போடுங்கள். போல்ட்டுகளை இறுக்கி, சில்லைப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு அளவு 103 நியூட்டன் மீற்றர். நட்டின் மரையில் ஒயில் பூசுவது அளவைப் பொய்யாக்கும்.

இப்போது சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பெடலைப் பல முறை, இறுகி நிற்கும்வரை மிதியுங்கள். பின்னுக்குத் தள்ளப்பட்ட பிஸ்டன் பேட்டைத் தொட்டு வரும்வரை உங்களிடம் பிரேக் இல்லை. இதை நான் ஒருமுறை மறந்து, ரிவேர்ஸ் எடுத்து, பெடல் தரைவரை போக, கைப்பிரேக்கை இழுப்பதற்குள் வளவுத் தென்னையில் மோதினேன். பம்பரில் அந்த வடு இன்னும் இருக்கிறது.

பின் ட்ரம்

ட்ரம் வர மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். அதன் முகத்தில் உள்ள இரண்டு மரைத்துளைகளில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறித் திருகினால் தானாகவே வெளியே வரும். கைப்பிரேக் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் திறவுங்கள், ஸ்பிரிங்குகள் எங்கே எப்படி மாட்டப்பட்டிருந்தன என்பதற்குத் திறக்காத பக்கம் மாதிரியாக இருக்கும். தொலைபேசியில் படம் எடுத்தாலும், கண்ணாடி எதிரொளி போல் இடம் வலமாகும்போது படம் குழப்பும். லைனரைப் பூட்டியபின் சரிசெய்யும் நட்சத்திரச் சில்லைத் திருப்பி, ட்ரம் சற்றே உரசிச் சுற்றும் அளவில் விடுங்கள்.

காற்று எடுத்தல்

பேட் மட்டும் மாற்றினால் இது தேவையில்லை. நிப்பிளைத் தளர்த்தியிருந்தாலோ ஒயில் மாற்றினாலோ தேவை. உதவிக்கு ஒருவர் பெடலில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மருமகன். நிப்பிளில் தெளிந்த குழாயை மாட்டி அதன் மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்தி, ‘மிதி மனே’ என்றதும் அவன் மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து குமிழியும் பழுப்பு ஒயிலும் வெளியேற விட்டு, மூடிய பிறகே ‘விடு’ என்பேன். மூடுமுன் அவன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். அவனுக்கு அதைப் புரியவைக்க ஒரு போத்தல் ஒயில் செலவானது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சில்லிலிருந்து தொடங்குவது பொது வழக்கம். உங்கள் காரின் கைநூல் வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். தாங்கி வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிக்கோனால் ஆன டொட் 5 வகையை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

முதல் ஓட்டம்

புதுப் பேட் உடனே முழுதாகப் பிடிக்காது. வாகனம் குறைந்த அதிகாலையில் நேரான வீதிக்குப் போய், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாக மிதித்துக் குறைத்து, நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, எட்டுப் பத்து முறை இடைவெளி விட்டுச் செய்யுங்கள். இலேசான மணம் வந்தால் அஞ்ச வேண்டாம். அதன் பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆற விடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டி அதிர்வாகத் திரும்பி வரும். வீடு வந்ததும் நான்கு சில்லுகளின் சூட்டையும் உள்ளங்கையால் ஒப்பிடுங்கள். இடமும் வலமும் ஒத்திருந்தால் கறள் சரியாகவே எடுபட்டிருக்கிறது. 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். மலைப்பக்கம் போகவிருந்தால், செங்கலடிச் சந்தியில் மகா ஓயாப் பக்கம் திரும்புவதற்கு முந்திய வாரமே ஒரு சில்லைக் கழற்றி உள்பக்கப் பேட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.